ஜாமீன் கையெழுத்துப் போடுமுன்

மகனை ரிமாண்டு செய்துவிட்டார்கள் என்று ஓடி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு கட்டணும் சார்?" என்றுதான். வக்கீல் குமாஸ்தாவான நான் திருப்பிக் கேட்பது, "பணம் இருக்கட்டும்மா, ரெண்டு ஆள் இருக்காங்களா?"

ஜாமீன் உத்தரவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். அந்தப் பத்தாயிரத்தை அன்றைக்கு யாரும் கட்ட வேண்டியதில்லை. 'இவர் வாய்தாவுக்கு வருவார், வராவிட்டால் இந்தத் தொகையை நான் தருகிறேன்' என்று எழுதிக் கொடுக்கிறோம். அதுதான் பிணைப் பத்திரம்.

யார் நிற்கலாம்? உறவினர்தான் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் ஒருவராவது ரத்த உறவாக இருக்கட்டும் என்று சில உத்தரவுகளில் நிபந்தனை வரும். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, சில இடங்களில் வி.ஏ.ஓ. சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். பத்திரத்தில் போட்டோ ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறீர்கள் என்பதையும் உறுதிமொழியாக எழுதித் தர வேண்டும். "இவரை எப்படித் தெரியும்?" என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது, பையனின் அப்பா பெயரே தெரியாமல் விழிக்கிறவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கமிஷனுக்கு ஜாமீன் தருவது உரிமம் பெற்ற தொழில். இங்கே காசுக்கு ஆள் பிடித்துப் போலிச் சான்று கொடுத்தால், ஜாமீன்தாரர் மேலேயே புது வழக்குப் பாயும்.

ஆளே கிடைக்காதவர் என்ன செய்வார்? மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். 1978இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். ஜாமீனில் விடத்தக்க குற்றமாக இருந்து, கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், அவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்தப் பிணையிலேயே விட வேண்டும். மற்ற வழக்குகளுக்கும் 2023இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. ஜாமீன் கிடைத்து 7 நாளாகியும் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

இனி ஜாமீன்தாரர் பக்கம். ஆள் தலைமறைவானால் பத்திரம் பறிமுதலாகி உங்களுக்கு நோட்டீஸ் வரும். தொகையைக் கட்டாமலும், வசூலிக்க வழியில்லாமலும் போனால் 6 மாதம் வரை சிவில் சிறை உண்டு. நியாயமான காரணம் சொன்னால் தொகையில் ஒரு பகுதியை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம்.

விலகிக்கொள்ளவும் வழி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பையனின் போக்கு சரியில்லை என்று பட்டால், 'என்னை விடுவியுங்கள்' என்று எப்போது வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அவரை வரவழைக்க வாரண்டு போகும், அவர் வந்ததும் உங்கள் பொறுப்பு தீரும். வேறு ஜாமீன்தாரரைத் தேடுவது அவர் பாடு.

ஜாமீனில் வந்தவன் ஆறு மாதம் ஒழுங்காக வருவான், வழக்கோ ஆறு வருஷம் இழுக்கும். ஆகவே கையெழுத்துப் போடும் அன்றே வழக்கு எண்ணையும் அடுத்த வாய்தாத் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.