முதல் மின்கிட்டாரும் சபையின் பாட்டும்

"ஐயா, வாலிபர்கள் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கித் தரும்படி கேட்கின்றனர், சேகரக் கமிட்டியில் மூத்தவர்கள் வேண்டாம் என்கின்றனர். நான் என்ன சொல்வது?" நம்மிடம் பயின்று சபைகளுக்குச் சென்ற இளம் ஆயர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 'வாங்கலாம்' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிடுதல் எளிது. ஆனால் வாங்குவதா இல்லையா என்பதைக் காட்டிலும், வாங்கினால் எதனை, எதன்பொருட்டு வாங்குகிறோம் என்பதையே ஆயர் அறிந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

இதனை நாம் தவற்றின் வழியாகவே கற்றோம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஊழியஞ்செய்த ஒரு சபையில் இக்கோரிக்கை எழுந்தது. பூசலைத் தவிர்க்க விரும்பிய நாம், யாதொன்றும் விசாரியாமல் செலவுச் சீட்டில் கையொப்பமிட்டோம். வாலிபர்கள் பளபளப்பான கிட்டார் ஒன்றையும், இருநூறு விதமான ஒலிகளைத் தருவதாகச் சொல்லப்பட்ட எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்றையும் வாங்கினர். ஆம்ப்ளிஃபயருக்குப் பணம் எஞ்சவில்லை. ஆகவே ஆலயத்து மைக் செட்டிலேயே அதனை இணைத்தனர். முதல் ஞாயிறன்று எழுந்த இரைச்சலில் முன்வரிசைத் தாய்மார் பாடுவதை நிறுத்திவிட்டனர். மூன்றாம் ஞாயிறோடு கமிட்டியார் தடை விதித்தனர். கிட்டார் வெஸ்டிரி அலமாரிக்குள் சென்றது. அதனை வாசித்த பதினேழு வயதுப் பிள்ளை அதன்பின் ஆலயத்திற்கு வரவில்லை. இதில் அவனையும் மூத்தவர்களையும் குறைகூற நமக்கு வாயில்லை. கேட்டறிய வேண்டிய ஆயர் கேட்டறியவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்நினைவே.

1. திருமறை தரும் அளவுகோல்

ஆலயத்தில் இன்று பழகிப்போன கருவிகள் யாவும் ஒருகாலத்தில் புதியனவே. நாம் நம்முடையதென எண்ணும் ஆர்மோனியம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிசில் உருவானது. 1940-ல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்தது. 1970களில்தான் அத்தடை தளர்ந்தது. ஆகவே 'அந்நியக் கருவி' என்ற காரணத்தால் மட்டும் மின்கிட்டாரை விலக்குவது நமக்குத் தகாது.

அதன் பிறப்பும் கருதத்தக்கது. 1930களில் அமெரிக்காவின் பெரிய வாத்தியக் குழுக்களில் கிட்டாரின் மெல்லிய ஓசை பிற கருவிகளுக்கிடையே கேட்கவில்லை. அதனைக் கேட்கச் செய்யவே மின்சாரம் துணைக்கு வந்தது. 1932-ல் ரிக்கன்பேக்கர் கருவியும், 1950-ல் ஃபெண்டர் நிறுவனத்தின் திண்ணுடல் கிட்டாரும், 1952-ல் கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் வகையும், 1954-ல் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையும் விற்பனைக்கு வந்தன. பிறர் குரலை அமுக்குவதற்காக அன்று, கேளாத குரல் கேட்பதற்காகவே இக்கருவி பிறந்தது.

கருவிகளைக் குறித்துப் பவுலடிகளார் கூறும் அளவுகோல் தெளிவானது. குழலோ சுரமண்டலமோ தெளிவான தொனி வேறுபாட்டைக் காட்டாவிடில், வாசிக்கப்படுவது இன்னதென்று எவ்வாறு அறியப்படும் என அவர் வினவுகிறார் (1 கொரி. 14:7). அதே அதிகாரத்தில், கூடிவருகையில் செய்யப்படுவன யாவும் பக்திவிருத்திக்கு ஏதுவாகட்டும் என்கிறார் (14:26). இவ்விரண்டையும் சேர்த்து நாம் ஒரே கேள்வியாகக் கேட்கலாம்: இக்கருவி ஒலிக்கும்போது சபையார் மிகுதியாகப் பாடுகின்றனரா, குறைவாகப் பாடுகின்றனரா? இனி வருவன யாவும் இக்கேள்விக்கு உட்பட்டவை.

2. முதலாவது எர்த்

கிட்டார் வாங்குமுன் ஆலயத்தின் மின்இணைப்பைச் சோதிக்க வேண்டும். இது சிக்கனத்தைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. கிட்டாரின் தந்திகள் உட்கம்பி வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்துள்ளன. ஆம்ப்ளிஃபயர் ஒரு பிளக்கிலும் மைக் செட் மற்றொரு பிளக்கிலும் இருந்து, ஒன்றில் எர்த் பழுதாயிருந்தால், தந்தியில் கைவைத்தவாறே மைக்கில் உதடு படுகின்ற பாடகர் மின்சாரத்தின் பாதையாகிறார். 1972-ல் இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்னும் கிட்டார்க் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மாண்டார். 2005 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் வேக்கோ நகரில் போதகர் கைல் லேக், ஞானஸ்நானத் தொட்டியின் நீரில் நின்றவாறு மைக்கைச் சரிசெய்யக் கைநீட்டியபோது மின்சாரம் தாக்கி இறந்தார்.

ஆதலால் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தைச் சோதியுங்கள். 30 மில்லிஆம்பியர் மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துங்கள். மைக் செட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். இரைச்சலைக் குறைப்பதற்காகப் பிளக்கின் மூன்றாம் கால்முனையை நீக்கிவிடும் வழக்கத்தை ஒருபோதும் அனுமதியாதிருங்கள்.

3. கிட்டாரைத் தெரிதல்

மின்கிட்டாரின் உயிர்நிலை 'பிக்கப்' என்னும் சிறு உறுப்பு. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக்கம்பி சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். அதன்மேல் எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் நுண்ணிய மின்னோட்டம் உண்டாகிறது. ஒற்றைச் சுருள் கொண்ட பிக்கப் பளிச்சென்ற தெளிவான ஒலி தரும். ஆயினும் நம் நாட்டு மின்சாரத்தின் 50 சுழற்சி ரீங்காரத்தையும், டியூப் லைட், மின்விசிறி ரெகுலேட்டர் ஆகியவற்றின் இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். இதனைப் போக்க 1955-ல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்பவர் இரட்டைச் சுருள் பிக்கப்பை வடிவமைத்தார். இரு சுருள்களும் எதிரெதிராக அமைந்திருப்பதால் ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துவிடும்; தந்தியின் ஒலி மட்டும் கூடி நிற்கும். இதனை 'ஹம்பக்கர்' என்பர். பழைய வயரிங் உள்ள ஆலயங்களில் ஹம்பக்கர் ஒன்றேனும் இருத்தல் நலம். பாலத்தருகே ஒரு ஹம்பக்கரும் மற்ற இரண்டிடங்களில் ஒற்றைச் சுருள்களும் கொண்ட அமைப்பு முதற்கிட்டாருக்கு மிகவும் ஏற்றது. யமஹா பசிபிக்கா 112 இவ்வகையைச் சார்ந்தது. ஃபெண்டரின் ஸ்குவையர், கிப்சனின் எபிஃபோன் என்னும் துணைப்பெயர்களிலும் குறைந்த விலைக் கிட்டார்கள் கிடைக்கின்றன.

தந்தி நீளம் 25½ அங்குலம், 24¾ அங்குலம் என இருவகை பெருவழக்கு. குறுகியதில் தந்தி சற்றுத் தளர்வாயிருக்கும். சிறு கைகளுக்கு எளிது. அசையும் பாலம் உள்ளதைவிட நிலையான பாலம் உள்ளதே தொடக்கத்திற்குச் சிறந்தது, சுருதி எளிதில் கலையாது. தந்திகளில் 9 அல்லது 10 எண் கொண்ட மெல்லிய கட்டு போதும். கடற்கரைச் சபைகளில் உப்புக்காற்றால் தந்தி விரைவில் துருவேறும். வாசித்தபின் உலர்ந்த துணியால் துடைப்பதை வழக்கமாக்குக.

கடையில் பார்க்கையில் முதலில் மின்இணைப்பின்றி வாசிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரமும், அதே இடத்தில் மெல்லத் தொட்டு எழுப்பும் இசைமேற்கூறும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கழுத்துப் பலகை வளைந்துள்ளதா, ஒயரைச் சொருகுமிடம் கரகரக்கிறதா என்பவற்றையும் கவனிக்க வேண்டும். வாங்கியபின் அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துத் தந்தி உயரத்தைச் சரிசெய்தல் அவசியம். விரல் வலித்துக் கைவிடும் பிள்ளைகளில் பலர் திறமையின்மையால் அல்ல, சரிசெய்யப்படாத கருவியால் கைவிடுகின்றனர்.

பணத்தைப் பத்துப் பங்காக்கினால் கிட்டாருக்கு ஐந்து, ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று, சுருதி காட்டி, ஒயர், வார், மாற்றுத் தந்திகள் ஆகியவற்றுக்கு ஒன்று, சரிசெய்யும் கூலிக்கு ஒன்று எனக் கொள்ளலாம். எஃபெக்ட்ஸுக்கு முதலாண்டில் பங்கில்லை.

4. ஒலி செல்லும் வழி

நம் சபையில் நேர்ந்த முதற்பிழை, கிட்டாரை நேரே மைக் செட்டில் செருகியதே. கிட்டார் ஒலிபெருக்கி ஏறத்தாழ 5,000 சுழற்சிக்கு மேற்பட்ட கூரிய ஒலிகளைத் தராது. மைக் செட்டின் ஒலிபெருக்கியோ அவற்றையும் தந்துவிடும். ஆகவே முரடாக்கப்பட்ட கிட்டார் ஒலி அதில் குளவிக்கூட்டைப்போல் கேட்கும். சிறு ஆலயத்திற்கு 10 முதல் 20 வாட் ஆம்ப்ளிஃபயர் போதுமானது. அதனைத் தரையில் வைத்தால் வாசிப்பவரின் காலுக்கும் முன்வரிசையாரின் காதுக்குமே ஒலி செல்லும். தனக்குக் கேட்கவில்லையென்று அவர் மேலும் கூட்டுவார். நாற்காலியின்மேல் சாய்த்து, வாசிப்பவரின் காதை நோக்கி வைப்பின் அச்சிக்கல் பெரும்பாலும் தீரும். பெரிய ஆலயத்தில் மைக் செட்டில் இணைத்தே ஆகவேண்டுமெனில், ஒலிபெருக்கியின் இயல்பைப் போன்மைசெய்யும் கருவி வழியாக இணைக்க வேண்டும்.

5. எஃபெக்ட்ஸ் பெடல்கள்

முதலில் வாங்க வேண்டிய பெடல் சுருதி காட்டும் பெடல். அதனை மிதித்தால் ஒலி நின்றுவிடும். ஜெபவேளையில் சுருதி கூட்டும் ஓசை சபையாரின் காதில் விழாது. இரண்டாவது வால்யூம் பெடல். இவ்விரண்டும் ஒலிக்கு அழகு சேர்ப்பனவல்ல. வாசிப்பவருக்கு அடக்கத்தைக் கற்பிப்பவை.

மூன்றாவது ஓவர்டிரைவ், ஒலியைச் சற்று முரடாக்கி நீட்டிப்பது. நான்காவது டிலே, வாசித்த ஒலியைக் குறித்த இடைவெளியில் எதிரொலிப்பது. அயர்லாந்தின் யூ2 குழுவைச் சார்ந்த எட்ஜ் என்பவர் 1980களில் புகழ்பெறச் செய்த எதிரொலி முறையே, பின்னர் ஆஸ்திரேலியாவின் ஹில்சாங் முதலிய சபைகளின் பாடல்கள் வழியாக நம் வாலிபரின் காதுகளை எட்டியது. முக்கால் அட்சரத்திற்கு ஒருமுறை எதிரொலி வருவதே அதன் இரகசியம். நிமிடத்திற்கு 72 அட்சரம் செல்லும் பாட்டில் ஓர் அட்சரம் 833 மில்லிசெகண்டு. அதில் முக்கால் 625 மில்லிசெகண்டு. ஆனால் சபையார் இயந்திரமல்லர். இரண்டாம் சரணத்தில் அவர்கள் வேகம் தளர்வர், பெடல் தளராது. அப்பொழுது எதிரொலி தாளத்தோடு மோதும். டிரம்ஸோடு சீராகச் செல்லும் பாட்டுக்கு இது தகும்; மக்கள் மூச்சுவிட்டுப் பாடும் கீர்த்தனைக்கும் பாமாலைக்கும் தகாது.

ஐந்தாவதாகிய ரிவெர்ப் என்னும் முழக்கப் பெடல் கற்கட்டட ஆலயங்களில் பெரும்பாலும் வேண்டுவதில்லை. கட்டடமே அதனைத் தருகிறது. சனி மாலை வெற்று ஆலயத்தில் ஒத்திகை பார்க்கையில் முழக்கம் மிகுந்திருக்கும்; ஞாயிறன்று மக்கள் நிறைந்தபின் குறைந்துவிடும். ஒத்திகையில் அமைத்த அளவை ஞாயிறன்று மீண்டும் பார்க்க வேண்டும். பெடல்களைச் சுருதி காட்டி, ஓவர்டிரைவ், வால்யூம், டிலே, ரிவெர்ப் என்ற வரிசையில் இணைப்பது பொதுவழக்கு.

6. கீர்த்தனைக்குத் துணையாதல்

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) முதலியோர் வழிவந்த கீர்த்தனைகளுக்கு இக்கருவி ஒத்துவருமா? வரும், வாசிப்பவர் கேட்கப் பழகினால். ஃபிரெட் உள்ள சிறு மின்மாண்டலினில் கமகம் குன்றாமல் கர்நாடக இசையை வாசித்துக் காட்டினார் மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014). மெல்லிய தந்தியை இழுத்து ஸ்வரத்தை அசைக்கும் வழி கிட்டாரிலும் உண்டு.

தொடக்கநிலையாளர் அவ்வளவு செல்ல வேண்டியதில்லை. இராகத்திற்குள் மேனாட்டுக் கார்டுகளைப் புகுத்துவதைவிட, ஷட்ஜமம், பஞ்சமம் ஆகிய இரண்டை மட்டும் தம்புராவைப்போல் தாங்கி நிற்பது பாட்டுக்கு ஊறு செய்யாது. ஹிந்தோளம் போன்ற பஞ்சமமில்லா இராகத்தில் மத்திமத்தைக் கொள்ளலாம். ஓவர்டிரைவில் மூன்று ஸ்வரங்களைச் சேர்த்தால் ஒலி கலங்கும், ஸ-ப என இரண்டாயின் தெளிவாக நிற்கும் என்பதும் இதனோடு பொருந்துகிறது. ஆர்மோனியம் நான்கு கட்டையில் சென்றால், முதல் ஃபிரெட்டில் காப்போ இட்டு மூன்று கட்டையின் எளிய விரல்நிலைகளையே பயன்படுத்தலாம். கிட்டாருக்கு வசதியென்று சபையாரின் சுருதியை மாற்றுதல் கூடாது. கிட்டாரின் தடித்த தந்திகள் ஆடவர் குரலும் கீபோர்டின் இடக்கையும் இயங்கும் எல்லையிலேயே ஒலிப்பதால், பிற கருவிகள் உள்ளபோது மேல் மூன்று தந்திகளில் இரண்டொரு ஸ்வரங்களே போதும்.

முடிவுரை

தாவீது சவுலின்முன் வாசித்தபோது (1 சாமு. 16:23) நோக்கம் சவுலின் ஆறுதலே. தேவாலய இசைஞர் 288 பேரும் கற்றுத் தேர்ந்தவர்கள் என நாளாகமம் பதிவு செய்கிறது (1 நாளா. 25:7). அன்பும் பயிற்சியும் இரண்டும் வேண்டும் என்பது இதனால் விளங்கும். அதே வேளையில், நீதியற்ற வாழ்வோடு எழும் பாட்டின் இரைச்சலை அகற்றச் சொன்ன ஆமோசையும் (5:23) நாம் மறவாதிருப்போமாக.

ஆகவே இளம் ஆயர்களே, கோரிக்கை வரும்போது கமிட்டிக்குக் கொண்டுசெல்லுமுன் அப்பிள்ளையோடு அமருங்கள். அவன் வாசிப்பதைக் கேளுங்கள். கடைக்கு அவனோடு செல்லுங்கள். மூத்தவர் ஒருவரையும் உடனழைத்துச் செல்லுங்கள். முதல் மூன்று மாதம் எஃபெக்ட்ஸ் இன்றி, பாடற்குழுவின் நடுவில் அமர்ந்து வாசிக்கட்டும். ஒரு ஞாயிறன்று நீங்கள் பீடத்தருகே அன்று, கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். அங்குள்ள மூதாட்டியின் குரல் உங்கள் காதில் விழுமாயின் கருவியும் ஒலியளவும் சரியே. விழாவிடில் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள், பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள்.

நாம் முன்கூறிய சபையில் அந்தக் கிட்டார் அலமாரியில் கிடந்த காலமெல்லாம் அப்பிள்ளையின் வீட்டுக்கு நாம் ஒருமுறையும் செல்லவில்லை. வேறு சபைக்கு மாற்றலாகிச் செல்கையில் பொருட்பட்டியலில் 'கிட்டார், ஒன்று' என எழுதிக் கையொப்பமிட்டோம். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை.