கல்லின் பூர்வோத்தரம்

மலையை ஆராய்வதற்கு மைக்ராஸ்கோப் எதற்கு என்ற கேள்வி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்துப் பூகர்ப்ப சாஸ்திரிகளிடையே ஒரு பரிகாசமாகவே வழங்கிவந்தது. ஆல்ப்ஸ் மலைகளில் ஏறித் திரிந்து பெரும்புகழ் பெற்ற ஸ்விட்ஸர்லாந்து அறிஞர் ஸோஸ்யூர், மலைகளை அப்படிப் பார்ப்பது முறையாகாது என்ற கருத்தை முன்னொரு காலத்தில் சொல்லியிருந்தாராம். அந்த வாக்கையே பிரமாணமாகக் காட்டி, ஹென்றி கிளிஃப்டன் ஸார்பி என்ற இளைஞரைப் பலர் நகையாடினார்கள். சுத்தியலும் கையுமாகக் காடு மேடெல்லாம் அலைந்து, பாறை அடுக்குகளின் வரிசையையும் அவற்றில் புதைந்து கிடக்கும் ஜீவராசிகளின் சுவடுகளையும் குறித்துக்கொண்டு வருவதே அக்காலத்து ஆராய்ச்சி முறையாக இருந்தபடியால், விரல் நகத்தளவு கல்லை வீட்டு மேஜையில் வைத்துக்கொண்டு அதன் பூர்வோத்தரத்தை விசாரிக்கப் புறப்பட்டவர் அவர்களுக்கு விசித்திரப் பிறவியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஸார்பி 1826-ஆம் ஆண்டு ஷெஃபீல்டு நகரத்தை அடுத்த ஓர் இல்லத்தில், கத்தி முதலிய வெட்டுக்கருவிகள் செய்யும் தொழிலில் பரம்பரையாகச் செல்வம் சேர்த்த குடும்பத்தில் பிறந்தவர். சர்வகலாசாலையின் படியை மிதித்து அவர் கற்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆசிரியரிடமே கற்றார். இருபத்தொன்றாம் வயதில் தந்தையார் காலமாகவே, அளவான சொத்து ஒன்று கைக்கு வந்தது. அதைப் பெருக்கும் உத்தேசமே இல்லாமல், உத்தியோகத்தையும் தேடாமல், விவாகமும் செய்துகொள்ளாமல், தாயாருடன் வாழ்ந்து ஆயுள் முழுவதையும் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார். இத்தகைய வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பது மெய்தான். வாய்த்தவர்களிலும் எத்தனை பேர் அதை இப்படிச் செலவிட்டார்கள் என்று எண்ணிப் பார்க்கையில்தான் மனிதரின் மதிப்புத் தெரிகிறது.

அவரை முதலில் ஆட்கொண்டது படிவுப் பாறை. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டாகும் பாறைகளைப் போலன்றி, பழைய மலைகள் வெயிலிலும் மழையிலும் பிளந்து பொடியாகி, அந்தப் பொடி ஆற்றோடு சென்று, கடலடியிலோ ஏரியிலோ படிந்து, மேலே விழுந்த சுமையால் இறுகி, இடையே ஊறிய நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பும் சிலிகாவும் பசையாகப் பிடித்துக்கொள்ள, மறுபடியும் கல்லாவதே படிவுப் பாறையின் சரித்திரம். இதைப் பொதுவாகச் சொல்வது எளிது. ஒரு குறிப்பிட்ட மணற்கல்லை எடுத்துக்கொண்டு, இதன் மணல் எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்த வேகத்தில் ஓடிய நீர் இதைச் சுமந்தது, என்று கேட்டால் அன்றைக்கு விடை சொல்லுவார் இல்லை.

ஸார்பி அந்த விடையைத் தேடிச் சென்ற இடம் தம் ஊருக்குப் பக்கத்து ஓடைகள். நீர் ஓட்டத்தின் வேகத்தை அளந்து, எந்த வேகத்தில் மணல் அசையாமல் கிடக்கிறது, எப்போது அலையலையாக வரிகட்டுகிறது, எப்போது அவ்வரிகள் அழிந்து தட்டையாகப் படிகிறது என்று பொறுமையாகக் குறித்துக்கொண்டார். ஓட்டத்தில் உருண்டு வரும் மணல், திட்டின் உச்சியைத் தாண்டியதும் அப்பாலுள்ள சரிவில் விழுந்து, சாய்ந்த மெல்லிய ஏடுகளாக அடுக்கப்படுகிறது. ஆகவே கல்லாகிப்போன மணலிலும் அந்த ஏடுகள் சாயும் திசையே பண்டைய நீரோட்டம் சென்ற திசையாகும். இந்த ஒரு சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் யார்க்ஷயர் பிரதேசத்துக் கல்லுடைக்கும் குழிகளில் நுழைந்து நுழைந்து அளந்தார். அங்குள்ள பருமணற்கல்லைக் கொண்டுவந்த வெள்ளம் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வந்தது என்ற முடிவுக்கும் வந்தார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஓர் ஆற்றுக்குத் திசை சொல்வது சாமானியமான காரியமா!

நீரின் கதை வெளியில் தெரிந்தது. துகளின் கதைக்கு உள்ளே போகவேண்டியிருந்தது. மான்செஸ்டரில் இருந்த வில்லியம்ஸன் என்ற அறிஞர் கல்லாகிப்போன மரத்தையும் எலும்பையும் ஒளி ஊடுருவும்படி தேய்த்துப் பார்க்கும் வித்தையில் கைதேர்ந்தவர். அவரிடம் அதைக் கற்ற ஸார்பி, 1849-ஆம் ஆண்டு வாக்கில் அதைச் சாதாரணப் பாறைக்கே பிரயோகித்தார். செய்முறையைச் சொன்னால் இவ்வளவுதானா என்று தோன்றும். பாறையிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து, அதன் ஒரு முகத்தைக் குருந்தத் தூளும் நீரும் இட்டு மழமழவென்று தேய்க்கவேண்டும். அந்த முகத்தைக் கனடா பால்சம் என்ற தெளிந்த பிசினால் கண்ணாடித் தகட்டில் ஒட்டவேண்டும். பின் மறுமுகத்தைத் தேய்த்துக்கொண்டே போகவேண்டும். கல் காகிதத்தின் தடிப்புக்கு வந்த பின்னும் விடக்கூடாது. ஓர் அங்குலத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு வரும் வரையில் தேய்க்கவேண்டும். கை ஒரு கணம் அழுந்திவிட்டால் அத்தனை நேர உழைப்பும் சேறாகிவிடும். நிதானம் தவறாமல் தேய்த்து முடித்தால், கருங்கல்லென்று நாம் நினைத்தது ஜன்னல் கண்ணாடியாகி, அதன் துகள் ஒவ்வொன்றும் தன் எல்லையோடு தனித்தனியே தெரியும்.

அப்படிப் பார்த்தபோது மணலுக்கும் மணலுக்கும் உள்ள பேதம் புலனாயிற்று. கருங்கல் பாறையிலிருந்து அண்மையில் விடுபட்ட துகள் கோணல்மாணலாக இருக்கும். நெடுங்காலம் உருண்டது வட்டமாகத் தேய்ந்திருக்கும். சில இயந்திரத்தில் நொறுங்கினாற்போலக் கூர்மையான சில்லுகளாகவும், சில ரசாயனத்தால் அரிக்கப்பட்டும் கிடக்கும். இவை நான்கோடு ஐந்தாவதாக ஸார்பி எடுத்துக்காட்டிய இனம்தான் மிகவும் விசேஷமானது. இங்கிலாந்தின் வடபாகத்திலுள்ள பென்ரித் மணற்கல் வெயிலில் மினுமினுக்கும். பழைய பாலைவனத்தின் மணல் அது. துகள்கள் உருண்டையாகத் தேய்ந்திருக்கவேண்டியவை. ஆனால் அவற்றுக்குப் பட்டை தீட்டியது போன்ற முகங்கள் இருக்கின்றன. மெல்லிய சீவலில் பார்த்தால் மர்மம் விளங்குகிறது: உள்ளே பழைய உருண்டை, அதன் மேல் செம்மண் பூச்சாக ஒரு மெல்லிய கோடு, அந்தக் கோட்டுக்கு வெளியே சிலிகா கரைந்த நீரிலிருந்து புதிதாக வளர்ந்த படிகம். புதிய படிகம் தன் இஷ்டத்துக்கு வளராமல், உள்ளிருக்கும் பழைய துகளின் அணு ஒழுங்கையே பின்பற்றி வளர்ந்திருக்கிறது. புதைந்த பிறகும் மணல் வளர்கிறது என்று இதனால் தெளிந்தது.

சுண்ணாம்புக் கல்லைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சியே என் அபிப்பிராயத்தில் எல்லாவற்றிலும் சிறந்தது. சீமைச் சுண்ணாம்பில் காணப்பட்ட நுண்ணிய வட்டத் தகடுகளை, ஜெர்மன் அறிஞர் ஏரன்பெர்க் உயிரற்ற ரசாயனப் பொருள்கள் என்று தீர்த்துவிட்டார். ஸார்பி அத்தகடுகளைப் பிசினில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் குவிந்தும் மறுபக்கம் குழிந்தும் இருப்பதைக் கண்டார்; படிகம் ஒருபோதும் அப்படி வளையாது; பல தகடுகள் சேர்ந்து ஒரு பொள்ளலான கோளத்தின் ஓடாக இருந்திருக்கவேண்டும் என்று 1861-இல் எழுதினார். கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் கவசமே அவை என்பது இன்று பள்ளிப் பாடம். 1879-ஆம் ஆண்டில், லண்டன் பூகர்ப்ப சங்கத்தின் தலைவராக நிகழ்த்திய பேருரையில், சிப்பியின் ஓடு கல்லில் அப்படியே நிலைத்திருக்க, சங்கு இனத்தின் ஓடு ஏன் உருத்தெரியாமல் போகிறது என்பதற்குக் காரணம் காட்டினார். இரண்டும் ஒரே சுண்ணாம்புதான். ஆயினும் சிப்பியில் அது கால்சைட் என்ற உறுதியான உருவில் இருக்கிறது, சங்கில் அரகொனைட் என்ற நிலையற்ற உருவில் இருக்கிறது. பின்னது காலப்போக்கில் கரைந்து, அவ்விடத்தில் புதுக் கால்சைட் படிகங்கள் நிரம்பிவிடுகின்றன. ஆதலால் கல்லில் சங்கு காணவில்லை என்பதைக் கொண்டு அந்தக் கடலில் சங்கே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

எல்லா முடிவும் நிலைத்தது என்று சொல்வதற்கில்லை. கிளீவ்லண்டு மலைகளின் இரும்புத்தாது, முன்பு சுண்ணாம்புக் கல்லாக இருந்து பின்னர் இரும்பு ஏறியது என்று அவர் கருதினார். அதிலுள்ள சிறுமணிகள் தொடக்கத்திலேயே இரும்புக் கனிமமாகப் படிந்தவை என்பது பிற்காலத்தார் கொள்கை. ஆனால் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல் பெரும்பாலும் சாதாரணச் சுண்ணாம்பின் மாற்றுருவே என்று 1856-இல் அவர் சொன்னது இன்றும் நிற்கிறது.

கனிமங்களின் பிறப்பிடத்துக்கும் அவரே வழி கண்டார். படிகம் வளரும்போது சுற்றியுள்ள திரவத்தில் ஒரு துளியைச் சிறை பிடித்துக்கொள்கிறது. வெப்பம் தணிய அத்துளி சுருங்க, ரசமட்டத்தில் இருப்பது போன்ற ஒரு குமிழி மிஞ்சுகிறது. படிகத்தை மீண்டும் சூடேற்றி, குமிழி மறையும் வெப்பநிலையைக் குறித்தால், அது பிறந்த காலத்து வெப்பத்தை ஏறத்தாழ அறியலாம் என்பது 1858-இல் அவர் வெளியிட்ட முறை. பூமியின் ஆழத்தில் இருந்த அழுத்தத்துக்காகச் சிறிது திருத்தம் செய்துகொண்டு, தாதுப்பொருள் தேடுவோர் இதை இன்றும் கையாளுகிறார்கள்.

இவற்றுக்கிடையே அவர் எஃகையும், விண்கற்களையும், நிறமாலையையும் ஆராயப் போய்விட்டார். அவரை 1860-களின் தொடக்கத்தில் ரைன் நதிக்கரையில் சந்தித்த ஸிர்க்கல் என்ற ஜெர்மன் இளைஞரே, கற்சீவல் வித்தையை ஒரு தனிச் சாஸ்திரமாக வளர்த்தார். ஸார்பியோ ‘கிளிம்ப்ஸ்’ என்ற தம் உல்லாசப் படகில் கோடைக்காலங்களைக் கழித்து, தேம்ஸ் நதியின் கழிமுகச் சேற்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். முதுமையில் மறுபடியும் பழைய ஓடைகளுக்கே திரும்பி, மண் நீரில் அமிழும் வேகம், மணல் நழுவும் கோணம், வரிகளின் உயரம் ஆகியவற்றை எண்களாக்கி, ஒரு பாறை ஏடு படிவதற்கு எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்று கணக்கிட முனைந்தார். 1908-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் காலமான பின்னரே அந்தக் கட்டுரை அச்சில் வந்தது. அவர் தம் கையாலேயே தேய்த்த கற்சீவல்கள் ஷெஃபீல்டு சர்வகலாசாலையில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. படிவுப் பாறை ஆராய்ச்சியாளர்களின் சர்வதேசச் சங்கம் தன் மிக உயர்ந்த பதக்கத்துக்கு அவர் பெயரையே இட்டிருக்கிறது.