முன் டயருக்குப் பழசு போதுமா?

டி.வி.எஸ். எக்ஸ்.எல். வந்த பிறகு மூட்டை ஏற்றும் வேலை பெரும்பாலும் அதற்குப் போய்விட்டது என்றாலும், நமது பகுதிப் பலசரக்குக் கடைகளில் பலவற்றின் வாசலில் இன்னும் ஒரு சைக்கிள் நிற்கத்தான் செய்கிறது. பக்கத்துத் தெருவுக்கு அரிசிப் பை கொடுத்துவர, தீப்பெட்டி ஆபீசுக்கு டீத்தூள், சர்க்கரை கொண்டுபோக, கிராமத்துச் சில்லறைக் கடைகளுக்குக் கடலை மிட்டாய்ப் பெட்டி போட்டுவர அது போதும். பெட்ரோல் செலவும் இல்லை. பழைய 28 அங்குல சைக்கிளாக இருக்கலாம். அல்லது பிள்ளைகளுக்கென்று ஆசையாக வாங்கி, அவர்கள் கல்லூரிக்குப் போனதும் கடைக்கு வந்து சேர்ந்த தடித்த டயர் 'மவுண்டன் பைக்' ஆக இருக்கலாம். எதுவானாலும் டயர் மாற்றும்போது நம்மில் அநேகர் ஒரே தவறைச் செய்கிறோம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பின் டயர் தேய்ந்ததும் புதுசு ஒன்று வாங்கிப் பின்னால் போடுகிறோம். கழற்றிய பழசைத் தூக்கியெறிய மனம் வருவதில்லை. "பாரம் பின்னாலதான இருக்கு, முன்னால பழசு போதும்" என்று சொல்லி அதை முன்னால் மாட்டிவிடுகிறோம். கணக்குப் பார்க்கிற வியாபாரிக்கு இது சிக்கனமாகத் தோன்றுவது இயல்பே. நாமும் பல ஆண்டுகள் அப்படியே செய்துவந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதம். நமது கடையில் வேலை பார்க்கும் தம்பி, 15 கிலோ எண்ணெய் டின் இரண்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு எட்டயபுரம் சாலையில் போனார். முன்னால் இருந்தது, பின்னால் இரண்டு வருடம் உழைத்துவிட்டு முன்னால் வந்த டயர். பார்வைக்குப் பட்டன் எல்லாம் இருந்தது. ஆனால் பக்கச் சுவர் வெடித்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சின்ன இறக்கத்தில் அந்த வெடிப்பு வழியாக டியூப் பிதுங்கி வெடித்தது. ஹேண்டில்பார் ஒரு பக்கமாக மடங்கி, வண்டியோடு விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்து இரண்டு மாதம் வேலைக்கு வர முடியவில்லை. எண்ணெய் போனதைக்கூட விட்டுவிடலாம். பழைய டயரை முன்னால் மாட்டச் சொன்னது நாம்தான். இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

பின் டயர் வெடித்தால் வண்டி ஆடும், இழுக்கும். ஆனாலும் காலை ஊன்றி நிறுத்திவிடலாம். முன் டயர் வெடித்தால் வண்டியைத் திருப்பும் சக்தியே கையை விட்டுப் போகிறது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால் அந்த நேரத்தில் ரோட்டைப் பிடித்து நிறுத்துவதும் முன் சக்கரமே. கேரியரில் கனமாக ஏற்றினால் முன்பக்கம் லேசாகி, மணலிலும் சரளிலும் பிடிப்பு இன்னும் குறைகிறது. ஆகவே பாரம் பின்னால் இருப்பது முன்னால் பழசு போட ஒரு காரணமே ஆகாது. அப்போதுதான் முன்னால் நல்ல டயர் வேண்டும்.

இதில் நாம் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பின் டயர் தேய்ந்து சாகிறது. மிதிக்கிற விசை முழுவதும் அதன் வழியாகவே போகிறது. சாலையில் படுத்துக் கிடக்கும் ஆணியை முன் சக்கரம் நிமிர்த்திவிட, பின் சக்கரம் வாங்கிக்கொள்வதால் பஞ்சரும் அதற்கே அதிகம். முன் டயரோ வயதாகித்தான் சாகிறது. பட்டன் தேயாது, ஆனால் வெயிலும் காற்றும் ரப்பரை உலர்த்திவிடும். பட்டனை மட்டும் பார்த்தால் முன் டயர் எப்போதும் நன்றாகவே தெரியும். பார்க்கவேண்டியது பக்கச் சுவரை. காற்றை இறக்கிவிட்டு, டயரைக் கட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். தலைமுடி போன்ற கீறல்கள் தெரிந்தால் அது எச்சரிக்கை. கீறலுக்குள் நூல் தெரிந்தாலோ, காற்றடித்தபின் ஓரிடத்தில் கட்டி போல் வீங்கினாலோ, அன்றே மாற்றிவிட வேண்டும்.

"கோடை வெயிலில் டயர் வெடித்துவிட்டது" என்று நாம் சொல்வதிலும் பாதிதான் உண்மை. 30 டிகிரிச் சூட்டில் 50 பவுண்டு காற்றடித்த டயர், வெயிலில் நின்று 60 டிகிரிக்குச் சூடேறினால் காற்றழுத்தம் சுமார் 56 பவுண்டு ஆகும். அவ்வளவுதான். நல்ல டயர் இதைத் தாங்கும். வெடிப்பது, வெயில் ஏற்கெனவே பல மாதமாக அரித்துவைத்த டயர்.

இனி வாங்கும் விஷயம். அளவில் வரும் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். டயர் இருப்பு வைத்து விற்கும் உறுப்பினர்களுக்கும் இது உதவும். பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ டயரில் 40-635 என்றும் அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். மவுண்டன் பைக்கின் 26 × 1.95 டயருக்கு இரண்டாவது எண் 559. இப்போது வரும் 27.5-க்கு 584, 29-க்கு 622. வேடிக்கை என்னவென்றால், 26 × 1½ என்று பின்னத்தில் எழுதிய டயரும், 26 × 1.50 என்று புள்ளி வைத்து எழுதிய டயரும் கணக்கில் ஒன்றுதான். ஆனால் முன்னதற்கு 584, பின்னதற்கு 559. இருபத்தைந்து மில்லிமீட்டர் வித்தியாசம்! ஒன்று மற்றதன் ரிம்மில் ஏறவே ஏறாது. எனவே பழைய டயரில் உள்ள அந்த இரண்டாவது எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போவதே வழி.

மவுண்டன் பைக் என்றதும் மலை ஏறுகிறவர்களின் விளையாட்டு வண்டி, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். அதன் டயர் பிறந்த கதை அப்படியல்ல. அமெரிக்காவில் ஷ்வின் கம்பெனி 1933-ல் 26 × 2.125 அளவில் தடித்த டயர் போட்ட சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கனமானது, உறுதியானது, வீடு வீடாகப் பத்திரிகை போடும் பையன்கள் பாரம் ஏற்றி ஓட்டிய ரகம். 1970-களில் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் அத்தகைய பழைய வண்டிகளை மலிவாக வாங்கி, டமால்பைஸ் என்ற மலையின் மண்பாதையில் இறங்கி ஓட்டிப் பார்த்தனர். மவுண்டன் பைக் அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆக, அது சரக்கு போடும் சைக்கிளின் பேரன்தான்.

சரி, எந்தப் பட்டன்? பழைய 28 அங்குல டயரில் பெரிய தேர்வு இல்லை. கோடு போட்ட பட்டன்தான். பாரத்துக்கென்றே நூல் அடுக்கு கூடுதலாக வைத்துச் செய்த டயர், ரிக்‌ஷா டயர் என்ற பெயரில் இதே அளவில் கிடைக்கும். சற்று கனம், மிதிக்கவும் சற்றுக் கூடுதல் முயற்சி வேண்டும். கிராமத்து லைன் போகும் வண்டிக்கு நாம் அதையே சிபாரிசு செய்வோம்.

மவுண்டன் பைக்கில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. கடையில் தொங்குவதில் பெரிய பெரிய கட்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும் பட்டனே கண்ணைக் கவரும். அது மண்ணுக்கு நல்லது. ஆனால் தார் ரோட்டில் உறுமிக்கொண்டே போகும், சீக்கிரம் தேயும், மிதிப்பதும் பாரம். நமது ஓட்டத்தில் முக்கால் பங்கு தார் ரோடும் சிமெண்டுத் தெருவும்தானே. எனவே நடுவில் தொடர்ச்சியான வரி, இரண்டு ஓரத்திலும் கட்டைப் பட்டன் உள்ள டயரே பொருத்தம். நேரே போகையில் நடு வரி உருளும். சரளில் திரும்பும்போது ஓரப் பட்டன் கடித்துக்கொள்ளும். அகலம் 1.95 போதும். முன்னால் மட்டும் 2.10 போடலாம், போர்க்கிலும் மட்காட்டிலும் இருபுறமும் ஒரு விரல் நுழைய இடம் இருந்தால்.

அந்த விரல் இடைவெளிக்குக் காரணம் நமது மண். கரிசலின் குணம் நமக்குத் தெரியாததல்ல. அதிலுள்ள களி தண்ணீரைக் குடித்து உப்பும்; காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் விளாத்திகுளம், புதூர்ப் பக்கம் வண்டித்தடத்தில் இறங்கினால் இருபது அடிக்குள் சக்கரத்தில் மண் அப்பி, மட்காட்டில் அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். நெருக்கமான சின்னப் பட்டன் உள்ள டயர் மண்ணை விடவே விடாது. பட்டன் இடைவெளி அகலமாக இருந்தால் உருளும்போது கொஞ்சம் உதிர்க்கும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஈரக் கரிசலில் ஓடும் டயர் என்று ஒன்று எந்த விலையிலும் கிடையாது. குச்சியை எடுத்து மண்ணைக் குத்திவிட்டு, வண்டியைத் தோளில் தூக்கி, தார் ரோட்டுக்கு வருவதுதான் அன்றும் இன்றும்.

அடுத்தது முள். நமது பகுதியில் இரண்டு வகை முள்ளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நெருஞ்சி சிறியது, தடித்த பட்டனும், உள்ளே பாதுகாப்புப் பட்டை வைத்த டயரும் அதைத் தடுத்துவிடும். சீமைக் கருவேல முள் அப்படியல்ல. அது நீளம், உறுதி. நாம் வாங்கக்கூடிய எந்தச் சைக்கிள் டயரையும் துளைத்துவிடும். கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப்போகும் வண்டிகளிலிருந்து உதிர்ந்த கிளைகள் கிடக்கும் பாதையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல். எனவே "முள்ளே ஏறாது" என்று யாராவது டயர் விற்றால், எந்த முள் என்று கேளுங்கள்.

பஞ்சர் ஒட்டும்போது டியூப்பை மட்டும் பார்த்துவிட்டு மாட்டுகிறார்கள். டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒடிந்த முள்முனை டயருக்குள்ளேயே தங்கி அடுத்த டியூப்பையும் குத்தும். டயரில் சிறு வெட்டு விழுந்தால் பழைய டயர்த் துண்டை உள்ளே வைத்து ஓட்டும் வழக்கம் பின் சக்கரத்தில் ஓரளவு சரி. முன் சக்கரத்தில் அது வீடுவந்து சேர்வதற்கு மட்டுமே. டியூப்பில் ஊற்றும் அடைப்பு மருந்து நெருஞ்சிக்குப் பயன்படும், ஆனால் நமது வெயிலில் சில மாதத்தில் காய்ந்துவிடும்; மறுபடி ஊற்ற வேண்டும். காற்றில்லாத கெட்டி டயர் பாரத்தின் அதிர்ச்சியை அப்படியே போக்ஸ் கம்பிக்கும் கைக்கும் கடத்துகிறது. நமக்கு அதில் மனமில்லை.

காற்று பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது மேல் எல்லை. பின்னால் 50 பவுண்டு என்றால் முன்னால் 40, 45 போதும். பிடிப்பும் நன்றாக இருக்கும். அதற்கும் கீழே இறங்கினால் கல்லில் மோதும்போது ரிம் டியூப்பைக் கடித்துவிடும். வாரம் ஒருமுறை மீட்டர் வைத்த பம்பில் பார்ப்பது நல்லது. விரலால் அமுக்கிப் பார்ப்பது தடித்த டயரில் ஏமாற்றும்.

மவுண்டன் பைக்கில் இன்னொரு வம்பு உண்டு. பிரேக் கட்டை ரிம்மின் பக்கத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு நூல் மேலே ஏறி நின்றால் டயரின் பக்கச் சுவரையே அரம் போல ராவும். புதிய டயர் ஒரே மாதத்தில் கிழிந்ததென்று கம்பெனியைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். புது டயர் மாட்டியதும் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையைச் சரிசெய்துதான் வண்டியை எடுக்க வேண்டும். டயரில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுற்றும் திசை.

பலசரக்குக் கடைக்காரர்களுக்கென்றே ஒரு வார்த்தை. எண்ணெய் டின் அடுக்கிய மூலையில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தாதீர்கள். மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் பட்டால் ரப்பர் ஊதி மெலிந்துவிடும். சமையல் எண்ணெயும் நாளடைவில் கெடுக்கும். சிந்தினால் உடனே சோப்பு நீரில் கழுவிவிடுங்கள். உபரி டயரை வாசலில் வெயில் படத் தொங்கவிடுவதும் கூடாது. வாங்கும்போதும், கடை முகப்பில் மாதக்கணக்கில் தொங்கிய டயரை விட்டுவிட்டு உள்ளே கட்டில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். விலை ஒன்றுதான். பில்லும் கேட்டு வாங்குங்கள். சைக்கிள் டயர், டியூப்புக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். முன்பு 12 சதவீதமாக இருந்த சைக்கிளுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமே.

அப்படியானால் பழைய டயரை என்ன செய்வது? பின் டயர் தேய்ந்ததும் புதுசை முன்னால் போடுங்கள். முன்னாலிருந்ததைக் கழற்றி, பக்கச் சுவரை மேலே சொன்னபடி மடக்கிப் பார்த்து, கீறல் இல்லாவிட்டால் பின்னால் மாட்டுங்கள். பட்டன் மிச்சமிருப்பதால் அங்கே இன்னும் நன்றாக உழைக்கும். கீறல் இருந்தாலோ, பின்னால் மூட்டைக் கணக்கில் ஏற்றுகிற வண்டியானாலோ இரண்டையும் புதிதாகப் போட வேண்டியதுதான். தேய்ந்துபோன பின் டயரை வீட்டுக்குக் கொண்டுவராமல் பழைய இரும்புக் கடையிலேயே போட்டுவிடுங்கள். பரணில் கிடந்தால் என்றாவது ஒரு நாள் மறுபடி முன் சக்கரத்துக்கு வந்துவிடும்.