நாளைய விலையை இன்று பேசுதல்

இலையுதிர் காலத்திலே கோதுமை விதைக்கும் அமெரிக்க உழவன் அடுத்த ஆண்டின் கோடையிலேதான் அதனை அறுக்கிறான். இடையிலுள்ள எட்டு ஒன்பது மாதங்களில் விலை எவ்வாறு மாறும் என்பது அவனுக்குத் தெரியாது. விலை வீழ்ந்துவிடுமோ என்பது அவனது அச்சம். அதே கோதுமையை வாங்கி மாவாக்கும் ஆலைக்காரனுக்கோ விலை ஏறிவிடுமோ என்பது அச்சம். இவ்விருவரும் சந்தித்து, இன்ன மாதத்தில், இன்ன விலைக்கு, இத்துணைக் கோதுமை என இன்றே பேசி முடித்துக்கொள்வாராயின் இருவர் அச்சமும் தீரும். முன்பேர வர்த்தகம் என வழங்கும் துறை இந்த எளிய தேவையிலிருந்து பிறந்ததாகும். அதன் அடிப்படைகளை அறியாது, விரைவாகப் பணம் திரட்டலாம் எனும் ஆசை ஒன்றினாலேயே அதனுள் நுழைவோர் இக்காலத்திற் பலராவர். ஆதலின் அதன் தோற்றத்தையும் இயக்கத்தையும் ஒழுங்காக விளங்கிக்கொள்ளுதல் பயனுடையதாகும்.

இவ்வகை வர்த்தகம் மேனாட்டாருக்கே உரியதன்று. யப்பான் தேசத்து ஒசாகா நகரிலே, தோஜிமா என்னும் இடத்தில் இயங்கிய அரிசிச் சந்தைக்கு 1730ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆட்சியாளர் முறையான அங்கீகாரம் வழங்கினர். அங்கே கையில் உள்ள அரிசிக்கான சீட்டுகள் ஒருபுறம் விற்கப்பட்டன. கணக்கேட்டில் மட்டும் எழுதப்பட்டுப் பின்னர் தீர்க்கப்படும் அரிசி மறுபுறம் பேரம் பேசப்பட்டது. ஒசாகாவின் விலையை அயலூர்களுக்கு அறிவிப்பதற்குக் குன்றுகளின்மேல் நின்று கொடிகளை அசைக்கும் வழக்கமும் பின்னாளில் ஏற்பட்டது.

இன்றைய முறைக்கு நேரான முன்னோடி அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே தோன்றியது. 1848ஆம் ஆண்டில் அந்நகர வணிகர் தானியச் சந்தைச் சபையொன்றை நிறுவினர். அறுவடைக் காலத்தில் தானியம் வந்து குவியும்போது விலை சரியும். பின்னர் தட்டுப்பாடு உண்டாகி விலை ஏறும். இத்தொல்லையைத் தவிர்க்க, பின்னொரு நாளில் வந்துசேரும் தானியத்திற்கு முன்கூட்டியே விலை பேசும் ஒப்பந்தங்கள் எழுந்தன. ஆயினும் ஒருவர் ஒப்பந்தம் மற்றவர் ஒப்பந்தத்தைப் போன்றதாக இருக்கவில்லை. வாக்குத் தவறுவோரும் இருந்தனர். ஆகவே 1865இல் பொருளின் அளவு, தரம், ஒப்படைக்கும் காலம், இடம் ஆகியவற்றை ஒரே சீராக வகுத்து, இரு தரப்பாரும் பிணைப்பணம் கட்டவேண்டும் எனவும் அச்சபையார் விதித்தனர். பிணைப்பணத்தோடு கூடிய இச்சீரான ஒப்பந்தமே முன்பேர ஒப்பந்தமாகும்.

அது செயற்படும் விதத்தை ஓர் உதாரணத்தாற் காணலாம். சிக்காகோவின் கோதுமை ஒப்பந்தம் ஒன்று 5,000 புசல் கொண்டது. இலங்கையிலே நெல்லளக்க வழங்கும் புசல் என்ற சொல்லும் அதுவே. கோதுமையில் ஒரு புசல் 60 இறாத்தல் நிறையுடையது. புசல் ஒன்றின் விலை 6 டொலர் எனக் கொள்வோம். அவ்வாறாயின் ஒப்பந்தத்தின் மொத்தப் பெறுமதி 30,000 டொலராகும். விலையில் ஒரு சதம் ஏறினாலும் இறங்கினாலும் 50 டொலர் வேறுபாடு உண்டாகும்.

உழவன் 6 டொலர் விலையில் ஓர் ஒப்பந்தத்தை விற்கிறான். அறுவடையில் விலை 5 டொலருக்கு வீழ்ந்துவிடுகிறது. ஊர்ச் சந்தையில் அவன் கோதுமையை 5 டொலருக்கே விற்க நேர்ந்தாலும், 6 டொலருக்கு விற்ற ஒப்பந்தத்தை 5 டொலருக்குத் திரும்ப வாங்கித் தீர்ப்பதனால் புசலுக்கு 1 டொலர் இலாபம் கிடைக்கிறது. கூட்டினால் 6 டொலர். மாறாக விலை 7 டொலருக்கு ஏறுமாயின், சந்தையில் 7 டொலர் பெறுகிறான். ஒப்பந்தத்தில் 1 டொலர் இழக்கிறான். அப்போதும் கையில் நிற்பது 6 டொலரே. செலவினங்களும் ஊர் விலைக்கும் சிக்காகோ விலைக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாடும் நீங்கலாக, அவன் விரும்பிய விலை அவனுக்கு உறுதியாகிறது. அவன் இலாபத்தை நாடி இங்கு வரவில்லை. விலைமாற்றத்தின் அச்சத்தைப் பிறரிடம் ஒப்படைக்கவே வந்தான்.

அந்த அச்சத்தை ஏற்பவர் யார்? சில வேளைகளில் ஆலைக்காரர். பல வேளைகளில் ஊக வணிகர். ஊக வணிகருக்குக் கோதுமை வேண்டியதில்லை. விற்பதற்கும் அவரிடம் கோதுமை இல்லை. விலை ஏறும் எனக் கருதின் வாங்குவார். இறங்கும் எனக் கருதின் விற்பார். தவணை வருமுன் எதிர்ப்பேரம் செய்து வெளியேறுவார். இவர் இல்லையேல் உழவன் விற்க விரும்பும் வேளையில் வாங்குவதற்கு ஆள் கிடைப்பது அரிது. ஆகவே ஊக வணிகத்தை வெறும் சூதாட்டம் எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. ஆனால் அதில் இறங்குபவர் பிறரது அபாயத்தை விலைக்கு வாங்குகிறார் என்பதை மறத்தலாகாது.

இங்கேதான் பிணைப்பணத்தின் தன்மையை நன்குணர வேண்டும். 30,000 டொலர் பெறுமதியான ஒப்பந்தத்தைக் கைக்கொள்ள அம்முழுத்தொகையும் தேவையில்லை. உதாரணத்திற்குப் பிணைப்பணம் 2,000 டொலர் என வைத்துக்கொள்வோம். வாங்கிய பின்னர் விலை 20 சதம் இறங்கினால் 1,000 டொலர் நட்டம். பிணைப்பணத்திற் பாதி போயிற்று. 40 சதம் இறங்கினால் முழுவதும் போயிற்று. கோதுமையின் விலையோ நூற்றுக்கு ஏழு பங்குகூட வீழவில்லை. இந்த இலாப நட்டம் தவணை முடிவில் அன்றி, ஒவ்வொரு நாளும் கணக்கிடப்பட்டுத் தீர்க்கப்படுகிறது. பிணைப்பணம் குறித்த எல்லைக்குக் கீழே சென்றால், மேலும் பணம் கட்டுமாறு தரகர் கோருவார். கட்டத் தவறின் ஒப்பந்தத்தை அவரே முடித்துவிடலாம். கட்டிய பணத்துக்கு மேலும் நட்டம் ஏற்படுமாயின் அதுவும் கடனாக நிற்கும்.

இவ்வுண்மையை உணர்த்தும் நிகழ்ச்சிகள் பல. 1762இல் தொடங்கிய பேரிங்ஸ் என்னும் இலண்டன் வங்கி, அதன் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்பவர் மறைவாக நடத்திய யப்பானிய பங்குச்சுட்டி முன்பேரங்களினால் 827 மில்லியன் பவுண் இழந்து 1995ஆம் ஆண்டில் வீழ்ந்தது. 2020 ஏப்ரல் 20ஆம் நாள், அமெரிக்க மசகு எண்ணெயின் மே மாத ஒப்பந்த விலை பூச்சியத்திற்கும் கீழே சென்று, பீப்பாய் ஒன்றுக்கு 37.63 டொலர் கழிவாக முடிவுற்றது. எண்ணெயை ஏற்றுச் சேமிக்க இடமில்லாதோர், அதனைப் பிறர் ஏற்பதற்குத் தாமே பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. விலை பூச்சியத்துக்குக் கீழே செல்லாது என நம்பி வாங்கியோர் அன்று அந்நம்பிக்கையோடு பணத்தையும் இழந்தனர்.

இனி, நாள் வர்த்தகம் என்பது யாதெனப் பார்ப்போம். காலையில் வாங்கியதைச் சந்தை மூடுமுன் விற்றுவிடுதலும், விற்றதை அன்றே வாங்கித் தீர்த்தலுமே அதுவாகும். இரவிலே வரும் செய்திகளால் நட்டம் நேராது என்பது இதன் நன்மை. பங்கு, நாணயம், முன்பேர ஒப்பந்தம் ஆகிய எதிலும் இது நடைபெறும். முற்காலத்தில் சந்தைக் கூடத்தில் நின்று கூவியவர்க்கே இது இயல்வதாயிருந்தது. கணினியும் கைத்தொலைபேசியும் பரவிய பின்னர் எவரும் வீட்டிலிருந்தே செய்யலாயினர்.

இதன் இடர்ப்பாடு செலவுக் கணக்கிலே தொடங்குகிறது. வாங்குவோர் கேட்கும் விலைக்கும் விற்போர் சொல்லும் விலைக்கும் இடையே எப்போதும் சிறு இடைவெளி உண்டு. அதனோடு தரகும் சேரும். ஒரு முறை வாங்கி விற்பதற்கு இவை 15 டொலர் ஆகும் எனக் கொள்க. நாளொன்றுக்கு நான்கு முறை செய்தால் 60 டொலர். மாதத்தில் இருபது நாள்களுக்கு 1,200 டொலர். முன் சொன்ன 2,000 டொலரை முதலாகக் கொண்டவர், விலையைக் கணிப்பதில் ஏற்றமும் தாழ்வும் சரிசமமாயிருப்பினும், ஒரு மாதத்திலேயே பாதிக்கு மேற்பட்ட முதலை இழப்பார். மேலும், முன்பேரத்தில் ஒருவர் பெறும் இலாபம் மற்றொருவரின் நட்டமேயாகும். எதிர்ப்பக்கத்தில் நிற்பவரோ பெரும்பாலும் விரைவான கணினிகளும் பயிற்சியும் உடைய நிறுவனத்தாராவர்.

ஆராய்ச்சிகளும் இதனையே காட்டுகின்றன. பிரேசில் நாட்டில் 2013 முதல் 2015 வரையுள்ள காலத்தில் பங்குச்சுட்டி முன்பேரத்தில் நாள் வர்த்தகம் தொடங்கி, 300 நாள்களுக்கு மேல் விடாது தொடர்ந்தவருள் நூற்றுக்கு 97 பேர் நட்டமடைந்தனர். அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் ஈட்டியவர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவினரே. இந்தியாவின் பங்குச்சந்தை ஒழுங்குபடுத்தும் வாரியம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்திய மூன்று நிதியாண்டுகளில் முன்பேர ஒப்பந்தங்களிலும் அவற்றோடு சேர்த்தெண்ணப்படும் விருப்புரிமை ஒப்பந்தங்களிலும் ஈடுபட்ட தனியாருள் நூற்றுக்கு 93 பேர் இழப்பெய்தினர். அவ்விழப்பின் கூட்டுத்தொகை 1.8 இலட்சம் கோடி ரூபாவைக் கடந்தது. பழகப் பழகத் திறமை வரும் என்பது பிற தொழில்களுக்குப் பொருந்தலாம். இங்கே நெடுநாள் பழகியோரும் தோற்றிருக்கின்றனர்.

இவற்றை அறிந்த பின்னரும் கற்க விழைவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் நன்று. முதலாவதாக, ஒப்பந்தத்தின் அளவு, ஒரு சதத்தின் பெறுமதி, தவணை நாள், பொருளாகத் தீர்க்கப்படுமா பணமாகத் தீர்க்கப்படுமா என்பவற்றை வாசித்தறிதல் வேண்டும். இரண்டாவதாக, பணமின்றி ஏட்டிலே சில மாதங்கள் எழுதிப் பார்த்து, செலவினங்களையும் கழித்துக் கணக்கிடுதல் வேண்டும். மூன்றாவதாக, ஒரு பேரத்தில் எவ்வளவு இழக்கலாம் என்பதை வாங்குமுன்பே வரையறுத்தல் வேண்டும். குறித்த விலை வந்ததும் விற்றுவிடுமாறு தரகருக்குக் கட்டளையிடலாமாயினும், விலை திடீரெனப் பாயும்போது அக்கட்டளை குறித்த விலைக்கு நிறைவேறும் என்பதற்கு உறுதியில்லை. நான்காவதாக, தரகர் அரசின் உரிமம் பெற்றவரா என்பதை உரிய அதிகார சபையிடமே விசாரித்தல் வேண்டும். மாதந்தோறும் நிச்சய வருமானம் எனக் கூறிப் பயிற்சிக்குப் பணம் கேட்போரிடம், அவர்தம் வருமானம் வர்த்தகத்தில் வருவதா பயிற்சிக் கட்டணத்தில் வருவதா என்று கேட்டறிவதும் தகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் படிப்புக்கும் முதுமைக்கும் என ஒதுக்கிய பணமும், கடன்பட்ட பணமும், வீட்டு நகையை அடகு வைத்த பணமும் இத்துறைக்கு உரியன அல்ல. கோதுமை விதைத்த உழவன் தனக்கு ஏற்கெனவே உள்ள அபாயத்தைக் குறைப்பதற்காகவே சந்தைக்கு வருகிறான். இல்லாத அபாயத்தைப் புதிதாக ஏற்க வருபவர், அதனைத் தாங்கும் வலிமை தமக்கு உண்டா என்பதை முதற் பணம் கட்டுமுன் வீட்டாரோடு இருந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.