கவுண்டரில் கேட்கும் ஓடிபி: மருத்துவப் பதிவுகளும் நோயாளியின் உரிமையும்

ஒருவர் எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் அவருடைய பழைய பரிசோதனை முடிவுகளையும் மருந்துச் சீட்டுகளையும் டாக்டர் திரையிலேயே பார்க்க வழி செய்வதற்காக, ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. இதன் அடிப்படை 14 இலக்க ‘ஆபா’ எண். இந்த எண்ணை எடுத்ததும் நோயாளியின் பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிடுவதில்லை. ஆய்வகத்தின் ரிப்போர்ட் ஆய்வகத்திலும், டிஸ்சார்ஜ் சம்மரி மருத்துவமனையிலுமாக அங்கங்கேயே இருக்கும். வேறொரு மருத்துவமனை கேட்டு, நோயாளியும் சம்மதித்தால்தான் அவை அங்கே போகும். முழு ஏற்பாடும் அந்தச் சம்மதத்தை நம்பியே நிற்கிறது.

சம்மதம் கேட்டு செல்போன் செயலிக்கு வரும் கோரிக்கையில் நான்கு விஷயங்கள் இருக்கும்: கேட்பவர் யார், எதற்காக, எந்தெந்தப் பதிவுகள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. அனுமதி காலாவதியாகும் நாளும் அதிலேயே இருக்கும். மூட்டுவலிக்குப் போனவர் பத்து வருடத்துக்கு முந்தைய மனநலச் சிகிச்சைப் பதிவைக் காட்ட வேண்டியதில்லை. அதை விலக்கிவிட்டு மற்றதை மட்டும் தரலாம், அடியோடு மறுக்கலாம், கொடுத்த அனுமதியைப் பின்னர் திரும்பப் பெறலாம். ஆனால் அதற்குள் கைமாறிப் போன தகவலை அந்த ரத்து தானாகத் திருப்பிக் கொண்டுவராது. ஆகவே முதலிலேயே குறைவாகக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

நடைமுறையோ வேறு மாதிரி இருக்கிறது. கூட்டம் நெரியும் ஓ.பி. கவுண்டரில் ஆதாரைக் கொடுத்து, போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னதும் பதிவு முடிந்துவிடுகிறது. எதற்கான ஓடிபி என்று விளக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. கொரோனா தடுப்பூசிக்கு ஆதாரைக் காட்டியவர்களில் பலருக்கு, அவர்கள் அறியாமலேயே இந்த எண் உருவாக்கப்பட்டதாக 2021-இல் செய்திகள் வெளியாயின. விவரம் சொல்லாமல் வாங்கும் ஓடிபியைச் சம்மதம் என்று கருத முடியாது. ஆபா எண் கட்டாயமல்ல. அது இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

ஆபத்து கற்பனையானதல்ல. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை இணையத் தாக்குதல் முடக்கியது. பதிவு முதல் ஆய்வக முடிவு வரை பல நாட்கள் எல்லாம் கையால் எழுதப்பட்டன. வங்கிக் கணக்கின் கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். எச்.ஐ.வி., கருக்கலைப்பு, மனநோய் பற்றிய தகவல் ஒருமுறை வெளியானால் வேலை, திருமணம், காப்பீடு என எல்லாவற்றிலும் அது பின்தொடரும்.

சட்டத்தின் துணை ஓரளவு உண்டு. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் மனநலச் சட்டமும் ரகசியம் காப்பதைக் கடமையாக்குகின்றன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டறிய, திருத்த, அழிக்கச் சொல்லும் உரிமைகள் விதிகள் வெளியாகிப் பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். தகவல் கசிந்த நோயாளிக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இழப்பீட்டுக்கு வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. இது பெரிய குறை.

சிகிச்சைப் பதிவின் நகலை நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 முதல் மருத்துவர்களுக்கான ஒழுங்குவிதி. ஆபா எண் பற்றிய புகார்களுக்கு 14477, தகவலைத் திருடிப் பணம் பறித்தால் 1930. எந்தப் புகாருக்கும் முன்னால் மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் அலட்சியத்தால் தகவல் வெளியானால், அதைச் சேவைக் குறைபாடு என்று காட்டி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம்.