பயறைப் புழுவுக்கு விட்டுவிடாதீர்!

நெல் தரிசில் விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் பங்குனி, சித்திரையில் களத்துக்கு வருகின்றன. எல்லோரும் ஒரே சமயத்தில் விற்பதால் விலை இறங்கிவிடுகிறது. நாலு மாதம் வைத்திருந்து விற்கலாமென்றால் வண்டு பயம். ஆகவே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, அடுத்த பருவத்துக்கு விதையைக் கூடுதல் விலைக்கு வாங்குகிற நிலை.

பயறு வண்டு வீட்டில் பிறப்பதில்லை. காய் முற்றும்போதே வயலில் வந்து காயின்மேல் முட்டையிடுகிறது. மூட்டையிலுள்ள பயறின்மேல் வெண்புள்ளியாக ஒட்டியிருப்பதும் முட்டையே. புழு நேராகப் பயறுக்குள் துளைத்துப்போய்ப் பருப்பைத் தின்று, சுமார் ஒரு மாதத்தில் வட்ட ஓட்டை வழியாக வண்டாக வெளிவருகிறது. வண்டு பயறைத் தின்பதில்லை, தின்பதெல்லாம் புழுதான். வண்டு கண்ணில் படும்போது சேதம் நடந்து முடிந்திருக்கும். ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடுமென்றால், நாலு மாதத்தில் மூட்டை என்னவாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டை விழுந்த பயறு விதைக்கும் உதவாது.

முதல் வேலை காயவைப்பது. ஈரம் 10 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பல்லில் கடித்தால் 'கடக்'கென்று உடையவேண்டும். சூடு ஆறிய பிறகே மூட்டை பிடிக்கவும். பழைய சாக்கின் தையலில் வண்டு ஒளிந்திருக்கும். வெந்நீரில் நனைத்து உலர்த்திய பிறகே உபயோகிக்கவும். மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல் பலகைமேல் அடுக்கவேண்டும்.

துவரைக்குச் செம்மண் கட்டும் நம் பெரியவர்களின் முறை இன்றும் நல்ல முறையே. உடைத்த பருப்பில் இந்த வண்டு முட்டையிடுவது மிகக் குறைவு. வீட்டுத் தேவைக்கு உள்ளதை உடைத்து வைப்பது புத்திசாலித்தனம். முழுப் பயறாக வைப்பவர்கள் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி வரை சமையல் எண்ணெய் விட்டுப் பிசறி வைக்கலாம். எண்ணெய் முட்டையை மூச்சுத் திணறச் செய்துவிடும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பூச்சிப் பொறி நல்ல சாதனம். துளையுள்ள குழாயைப் பயறுக்குள் செருகிவைத்தால், காற்றைத் தேடி அலையும் வண்டுகள் துளைவழியே உள்ளே விழுந்துவிடுகின்றன. வெளிவந்த சில நாட்களுக்குள் வண்டு முட்டையிட்டுவிடுவதால், பயறு உள்ளே போன அன்றே பொறியும் போகவேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் முதலிய நாடுகளில் தட்டைப்பயறை அழிப்பதும் இதே இன வண்டுதான். அங்குள்ள சிறு விவசாயிகள் இரண்டு பாலிதீன் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, வெளியே ஒரு நெய்த சாக்கும் போட்டு, இறுகக் கட்டிவைக்கிறார்கள். உள்ளே காற்று தீர்ந்ததும் புழு தின்பதை நிறுத்திவிடுகிறது. மருந்தே வேண்டியதில்லை.

மருந்து என்றதும் ஓர் எச்சரிக்கை. படுத்துறங்கும் வீட்டுக்குள் மூட்டைக்கு நச்சு மாத்திரை வைப்பது உயிருக்கே உலை. அதன் வாயு சுவரிடுக்கிலும் புகும். குடும்பத்தோடு இறந்தவர்கள் உண்டு.

புழு தின்ற பயறோடு அதற்குச் செலவான தண்ணீரும் டீசலும் கூலியும் வீணாகின்றன. உலகில் விளையும் உணவில் சுமார் 14 சதவிகிதம் அறுவடைக்குப் பின், கடைக்குப் போகுமுன்பே அழிவதாக ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2019-இல் கணக்கிட்டது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் 8 முதல் 10 சதவிகிதம் வரை வீணாகும் உணவால் வருவதாகவும் மதிப்பீடு உண்டு. பருவமழை தப்பினால் முதல் அடி விழுவது மானாவாரிக்காரருக்குத்தான்.

கட்டிவைத்த மூட்டையை 15 நாளைக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்க்கவும். வெண்புள்ளி தெரிந்தால் அன்றே வெயிலில் கொட்டிக் காயவைத்துப் புடைக்கவும், அல்லது பருப்பாக உடைத்துவிடவும்.