ஊரைச் சொல்லாமல் எழுத்தைச் சொல்ல முடியுமா?

மூன்றாம் வகுப்பை முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், எளிய கணக்குகளைப் போட வேண்டும். ஒன்றிய அரசு 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் இயக்கமும், கொரோனா காலத்து இழப்பை ஈடுகட்டத் தமிழ்நாடு அரசு 2022இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் இதைத்தான் இலக்காக வைத்தன. இலக்கில் குறை சொல்ல எதுவுமில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு மற்ற எந்தப் பாடமும் எட்டாது. ஆனால் இதையொட்டி ஓர் எண்ணமும் சத்தமில்லாமல் வளர்ந்துவிடுகிறது: முதலில் வாசிப்பு வரட்டும், குடும்பம், ஊர், தொழில், வரலாறு, அரசாங்கம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சின்ன வகுப்புகளில் சமூக அறிவியல், நேரம் மிஞ்சினால் நடத்துகிற பாடமாகச் சுருங்குவதற்கு இந்த எண்ணமே காரணம். இந்த வரிசை தவறானது. ஊர் உலகத்தைத் தெரிந்துகொள்வதும் வாசிப்பதும் சேர்ந்தே வளர்பவை. இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுக்கக்கூடியது, பாடநூலைவிட நல்ல சிறுவர் கதைப்புத்தகம்தான்.

வாசிப்பு என்பது எழுத்துக்கூட்டும் திறமை மட்டுமன்று என்பதற்கு ஒரு பழைய சோதனை நல்ல சான்று. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் நன்றாக வாசிப்பவர்களும் இருந்தார்கள், வாசிப்பில் பின்தங்கியவர்களும் இருந்தார்கள். இரு தரப்பிலும் பேஸ்பால் ஆட்டம் நன்கு தெரிந்தவர்களும் அவ்வளவாகத் தெரியாதவர்களும் இருந்தார்கள். ஓர் ஆட்டத்தின் வர்ணனையை வாசிக்கக் கொடுத்து, மைதானத்தின் சிறிய மாதிரியில் மரப் பொம்மைகளை நகர்த்தி, நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களை மிஞ்சினார்கள். நம் ஊர் வாக்கியம் ஒன்றை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ‘பட்டா மாற்றத் தாசில்தாரிடம் மனு கொடுத்தார்’ என்பதை இரண்டாம் வகுப்புப் பிள்ளை தட்டுத் தடுமாறியாவது படித்துவிடும். பட்டா என்றால் என்ன, தாசில்தார் யார், மனு எதற்கு என்று தெரியாதவரை அந்தப் பிள்ளை உச்சரித்திருக்கிறதே தவிர, வாசிக்கவில்லை. மேல் வகுப்புக்குப் போகப் போக எல்லாப் பாடங்களும் இப்படிப்பட்ட வாக்கியங்களால்தான் ஆகியிருக்கும்.

இந்தப் பாதையில் அமெரிக்கா நமக்கு முன்பே நடந்து பார்த்திருக்கிறது. அங்கே 2002இல் சட்டமான ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைத்தது. தேர்வு இல்லாத சமூக அறிவியலின் நேரத்தை எடுத்து வாசிப்புப் பயிற்சிக்குக் கொடுத்தன பல பள்ளிகள். அதனால் வாசிப்பு வளர்ந்ததா? ஃபோர்டாம் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, மழலையர் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த தேசியத் தரவுகளை எடுத்துப் பார்த்தது. நாளொன்றுக்கு 30 நிமிடம் கூடுதலாகச் சமூக அறிவியல் படித்த பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடிவில் வாசிப்பில் முன்னேறியிருந்தார்கள். மொழிப் பாடத்துக்கே கூடுதல் நேரம் கொடுத்ததில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும், வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளும் அதிகப் பயன் அடைந்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது என்பது நியாயமான எச்சரிக்கை. ஆனால் பேஸ்பால் சோதனையோடு வைத்துப் பார்க்கும்போது, சமூக அறிவியலின் நேரத்தைப் பிடுங்கி வாசிப்பை வளர்க்கலாம் என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் மிகப் பலவீனமானது என்பது தெளிவாகிறது.

அப்படியானால் சமூக அறிவியல் பாடநூலுக்கே கூடுதல் நேரம் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சின்ன வகுப்புப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே ஏணியில் ஏறுகின்றன: நான், என் குடும்பம், என் பள்ளி, என் ஊர், என் மாநிலம். அமெரிக்கக் கல்வியாளர் பால் ஹன்னாவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இந்த முறை, குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பதே எளிது, தூரத்தில் இருப்பது கடினம் என்று நம்புகிறது. கீரன் ஈகன் என்ற கல்வியாளர் 1986இல் எழுதிய ‘டீச்சிங் அஸ் ஸ்டோரி டெல்லிங்’ நூலில் இதைக் கேள்வி கேட்டார். அரக்கனையும் அரசகுமாரியையும் கண்ணால் காணாமலே புரிந்துகொள்கிற குழந்தைக்குத் தூரம் ஒரு தடையே இல்லை. நல்லது கெட்டது, பயம் துணிச்சல் என்ற முரண்களைப் பிடித்துக்கொண்டு அது எந்த நாட்டுக்கும் எந்தக் காலத்துக்கும் போய்வரும் என்பது அவர் வாதம். பாடநூலின் ஏணியில் இன்னொரு குறையும் உண்டு. அதில் மனிதர்கள் இருப்பதில்லை, பட்டியல்தான் இருக்கும். ‘நமக்கு உதவுபவர்கள்’ என்ற தலைப்பில் மருத்துவர், ஆசிரியர், தபால்காரர், தூய்மைப் பணியாளர் என்று வரிசையாகப் படம் போட்டு, ஆளுக்கொரு வரி எழுதியிருப்பார்கள். தூய்மைப் பணியாளர் தெருவைச் சுத்தமாக வைக்கிறார் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு முன்பே தெரியும். அவர் கையில் உறை ஏன் இல்லை, குப்பையைத் தரம் பிரிக்காமல் போட்டால் அவருக்கு என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. பாடநூல் சொல்லாமல் விடுவதும் அதைத்தான்.

கதை என்ன செய்யும் என்பதற்கு மகாஸ்வேதா தேவி எழுதி, சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட ‘தி ஒய் ஒய் கேர்ள்’ நல்ல எடுத்துக்காட்டு. மொய்னா சபர் பழங்குடிச் சிறுமி. பணக்கார பாபுக்களின் ஆடுகளை மேய்ப்பவள். எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்பாள். தண்ணீருக்கு இவ்வளவு தூரம் ஏன் நடக்க வேண்டும்? நாம் ஏன் இலைக் குடிசையில் இருக்கிறோம்? இரண்டு வேளையும் சோறு ஏன் கிடைப்பதில்லை? பாபு வீட்டிலிருந்து அரிசி வந்தால் நன்றி சொன்னாயா என்று அம்மா கேட்கும்போது, அவர்களுடைய வேலையெல்லாம் நான்தானே செய்கிறேன், அவர்கள் எனக்கு நன்றி சொல்கிறார்களா என்று திருப்பிக் கேட்கிறாள். ஆடு மேய்த்துவிட்டு வருவதற்குள் பள்ளி முடிந்துவிடுகிறது என்றதும், நேரத்தை ஏன் மாற்றக்கூடாது என்கிறாள். கூலி, நில உடைமை, கல்வி உரிமை, அரசு நிறுவனம் யாருக்கு வசதியாக இயங்குகிறது என்ற கேள்வி – பெரிய வகுப்புகளில் அத்தியாயம் அத்தியாயமாக வருகிற இத்தனையும் அந்தச் சின்னப் படப்புத்தகத்தில் இருக்கின்றன. அந்தச் சொற்கள் ஒன்றுகூட இல்லை என்பதால்தான் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரிகிறது. அதைவிட முக்கியம், சமூக அறிவியலின் வேர் கேள்வி கேட்பதில் இருக்கிறது என்பதைப் பிள்ளை மொய்னாவிடமிருந்தே கற்றுக்கொள்கிறது.

நல்ல பாடநூல் எழுதியவர்களும் இதை உணர்ந்தே இருந்தார்கள். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி என்சிஇஆர்டி வெளியிட்ட மூன்று முதல் ஐந்தாம் வகுப்புச் சூழ்நிலையியல் நூல்களில் பல பாடங்கள் கதையாகவே இருந்தன. ஓமனா என்ற சிறுமி குஜராத்திலிருந்து கேரளத்துக்கு ரயிலில் போகிறபோது எழுதும் நாட்குறிப்பு ஒரு பாடம். ரயில் பெட்டி, பயணச்சீட்டு, மாறிக்கொண்டே வரும் நிலமும் சாப்பாடும் பேச்சும் அதில் தானாக வந்து சேர்ந்தன. பெரிய அணைக்காகத் தன் ஊரை இழந்து, கடைசியில் மும்பைக்கு வந்து சேரும் ஜாத்ர்யாபாயின் கதை இன்னொரு பாடம். பத்து வயதுப் பிள்ளைக்கு இடப்பெயர்வைச் சொல்ல இதைவிட நேரான வழி கிடையாது.

இங்கேதான் முதல் எதிர்ப்பு எழுகிறது. இவ்வளவு கசப்பைச் சின்னப் பிள்ளைகளிடம் கொண்டுபோக வேண்டுமா? பெற்றோரின் இந்தத் தயக்கத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. அமெரிக்காவில் 2021இல் டென்னசி மாநிலப் பெற்றோர் அமைப்பு ஒன்று, ரூபி பிரிட்ஜஸ் எழுதிய புத்தகம் இரண்டாம் வகுப்புக்கு ஏற்றதன்று என்று புகார் கொடுத்தது. 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில், அதுவரை வெள்ளையருக்கு மட்டுமே இருந்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளிக்குள் மத்தியக் காவலர்களின் துணையோடு நுழைந்த கறுப்பினச் சிறுமி அவர். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட, பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அந்த ஆண்டு முழுவதும் அவர் ஒருவருக்காக வகுப்பு நடத்தினார். அப்போது ரூபிக்கு வயது 6. அனுபவிக்கும் வயது ஒருவருக்கு வந்துவிட்டது. அதைக் கேட்கும் வயது மட்டும் மற்றவர்களுக்கு வரவில்லை என்பது எப்படிச் சரியாகும்? நம் நிலைமையும் வேறில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. அந்த வெறி பன்னிரண்டாம் வகுப்பில் திடீரென்று முளைத்ததன்று. விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ போன்ற சிறுவர் கதை இதைப் பேசும்போது, பிள்ளையின் மனதில் சாதியைப் புதிதாக நுழைப்பதில்லை. மணிக்கட்டில் ஏற்கெனவே கட்டப்பட்டிருப்பதைப் பார்த்து யோசிக்கச் சொல்கிறது. வயதுக்கேற்பச் சொல்லும் முறை மாறலாம், மாறவும் வேண்டும். சொல்லாமல் விடுவது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் வலுவானது: கதை பொய் சொல்லுமே? சொல்லும். 2016 ஜனவரியில் ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் ‘எ பர்த்டே கேக் ஃபார் ஜார்ஜ் வாஷிங்டன்’ என்ற படப்புத்தகத்தை வெளியிட்டு, அதே மாதம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமெரிக்க அதிபரிடம் அடிமையாக இருந்த சமையல்காரர் ஹெர்குலிஸும் அவர் மகளும் சிரித்த முகத்தோடு பிறந்தநாள் கேக் செய்வதுதான் கதை. உண்மையில் ஹெர்குலிஸ், 1797 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் பிறந்தநாளிலேயே தப்பி ஓடியவர். ஆகவே கதைப்புத்தகம் என்றாலே நல்லது என்று வாதிடுவதற்கில்லை. வகுப்புக்கு ஒன்றை எடுக்குமுன் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். யாருடைய கதையோ அவர் அதில் பேசுகிறாரா, அல்லது அவரைப் பற்றி மற்றவர்கள்தான் பேசுகிறார்களா? ஏழைகளும் உழைப்பாளிகளும் படங்களில் சிரித்துக்கொண்டு மட்டுமே இருக்கிறார்களா? நடந்ததற்குக் காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா, அல்லது எல்லாம் விதியாலும் நல்லவர் ஒருவரின் கருணையாலும் நடக்கிறதா? எது நடந்தது, எது கற்பனை என்று பின்குறிப்பிலாவது இருக்கிறதா? இந்தக் கேள்விகளைப் பாடநூலிடமும் கேட்கலாம். ஆனால் பாடநூல் தானே தீர்ப்புச் சொல்லும் குரலில் பேசுவதால், பிள்ளைகள் அதைச் சந்தேகிப்பதே இல்லை. கதையை வாசித்ததும் ‘இது நிஜமா?’ என்று கேட்பார்கள். சான்று தேடும் பழக்கம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

நேரமும் பணமும் எங்கே என்பது ஆசிரியர்களின் கேள்வி. தனி நேரம் வேண்டியதில்லை என்பதே இந்த வாதத்தின் சாரம். மொழிப்பாட வேளையில் சத்தமாக வாசித்துக் காட்டும் புத்தகமே சமூக அறிவியலையும் நடத்திவிடும். வாசித்த பிறகு ஒரு வரைபடத்தை விரிப்பதும், மொய்னாவைப் போலத் தங்கள் தெருவைப் பற்றி ஆளுக்கொரு ‘ஏன்’ எழுதச் சொல்வதும், ரேஷன் கடைக்காரரையோ தூய்மைப் பணியாளரையோ வகுப்புக்கு அழைத்துக் கேட்க வைப்பதும் செலவில்லாதவை. புத்தகங்களும் அரிதல்ல. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை பல பத்தாண்டுகளாகக் குறைந்த விலையில் வருகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே எடுத்து அச்சிடலாம். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையும் 2023இல் வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு புத்தகங்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியது.

இனி வேண்டியது ஓர் ஒழுங்கு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான ஒவ்வொரு சூழ்நிலையியல், சமூக அறிவியல் பாடத்தோடும் இரண்டு கதைப்புத்தகங்களையாவது பெயர் சொல்லி இணைக்க வேண்டும். ஆசிரியர் கையேட்டில் அவற்றுக்கான கேள்விகளும் இருக்க வேண்டும். துறை அதைச் செய்யும்வரை ஆசிரியர்கள் காத்திருக்கத் தேவையில்லை, பீரோவில் பூட்டி வைத்திருக்கும் நூலகப் புத்தகங்களிலிருந்தே தொடங்கலாம். பெற்றோர் தம் பங்குக்கு, புத்தகக் காட்சியில் நீதிக்கதைத் தொகுப்பு ஒன்றை எடுக்கும்போது, வேறோர் ஊரில் வேறொரு வீட்டில் வாழும் பிள்ளையின் கதையையும் ஒன்று சேர்த்து எடுக்கட்டும்.